புலப்படம்

தோவாளை தாலுகாவில் சர்வேயர் நான்.
வேலித் தகராறு, பட்டா பிரிப்பு,
ஓடையை விழுங்கிய மதில்
இவற்றுக்குத்தான் இதுவரை கூப்பிட்டிருக்கிறார்கள்.
அந்த வெள்ளிக்கிழமை,
ஐப்பசி மழை மூச்சுவிட்ட இடைவெளியில்,
தடிக்காரன்கோணத்துக்கு மேலே
வானத்தில் உடைந்த ஒன்றைத்
தரையில் அளக்கச் சொன்னார்கள்.

நாலு பேர் உட்காரும் விமானம்.
இரண்டு பேர் இருந்தார்கள்.
திருவனந்தபுரத்தில் காலை ஆகாரம்,
தூத்துக்குடியில் மத்தியானச் சாப்பாடு,
நடுவில் எங்கள் மலை.
மலை இடுக்கில் மேகம் நின்றிருக்கிறது.
உள்ளே போனது முழுசாக.

"சத்தம் கேட்டுதா?" என்றேன்
பால்வெட்டும் வசந்தபாயிடம்.
"சத்தம் நின்னுது சாரே. அதுதான் கேட்டுது.
பொறவு துணி கிழிக்கியது போல ஒண்ணு.
பொறவு கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல.
பொறவு மரம் முறியிய சத்தம்,
அங்ஙன ஒண்ணு, இங்ஙன ஒண்ணு."
அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்று
கேட்க நினைத்தேன்.
என் படிவத்தில் நேரத்துக்குக் கட்டமில்லை.

டெல்லியிலிருந்து வந்த விசாரணை அதிகாரியின்
காலில் அட்டை ஏறியிருந்தது.
உப்புப் பொட்டலம் கொடுத்தேன்.
தேய்த்தபடியே சொன்னார்:
கனமானது வேகத்தோடு முன்னால் ஓடி விழும்.
வந்த வழியில் கடைசியில் கிடப்பதுதான்
பெரும்பாலும் முதலில் உடைந்தது.
லேசானதை மட்டும் நம்பாதே,
அதைக் காற்று வைத்திருந்து
தோன்றிய இடத்தில் போடும்.

ஆகவே பின்னாலிருந்து தொடங்கினேன்.
வால் துண்டு கைதச்சக்கைத் தோட்டத்தில்
முள்ளுக்கு நடுவே நிமிர்ந்து நின்றது,
யாரோ நட்டுவைத்த மாதிரி.
வலது இறக்கை ஓடைக்கு அக்கரை.
இடது இறக்கை நான்கு ரப்பர் மரங்களை முறித்துப் படுத்திருந்தது.
முறிந்த கிளைகளின் பால் அதன்மேல் வடிந்து
வெள்ளையாய் உறைந்துகொண்டிருந்தது.
கதவு, பூட்டியது பூட்டியபடி.
எஞ்சின் மண்ணுக்குள் ஓர் ஆள் ஆழம்.
அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி
ஒரு காகிதம், கோடுகள் போட்ட வான்வழிப் படம்,
நனையாமல் மடிந்து.
அதை அளக்கவில்லை.

அவர்களை நான் வருமுன்னே
ஆசாரிபள்ளத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.
இரண்டு இடத்திலும் குச்சி நட்டு
சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.
குச்சிக்கும் குச்சிக்கும்
நாற்பத்தொரு மீட்டர் எண்பது.
மறுபடி அளந்தேன். எண்பதுதான்.
கீழே டீக்கடையில்தான் தெரிந்தது
அக்காவும் தம்பியும் என்று.
ஓட்டியது அக்கா.

இரவு படம் வரைந்தேன்.
ரெண்டாயிரத்தில் ஒன்று என்று அளவு.
கிணற்றுக்குக் குறியீடு இருக்கிறது,
பனைக்கு, கல்லுக்கு, கோயிலுக்கு இருக்கிறது.
அவர்களுக்குப் புள்ளி வைத்தேன்.
அந்த அளவில் என் பென்சில் முனையே
ஒரு மீட்டர் அகலம்.

கார்த்திகை பாதியில் வசந்தபாய் ஆபீசுக்கு வந்தாள்.
முந்தானையில் ஒரு சிரட்டை,
அடியில் மஞ்சளித்த ஒட்டுபால்,
அதற்குள் பாதி புதைந்து
சுண்டுவிரல் நக அளவில் ஒரு ரிவெட்.
"மேலேருந்து விழுந்ததாக்கும்."
எந்த மரம் என்றேன்.
"மூணாம் நிரையோ நாலாம் நிரையோ.
மழையில்லா, நாளு பத்து கழிஞ்சில்லா எடுத்தேன்."

அறிக்கை போய்விட்டது.
அதிகாரிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.
லேசானதை நம்பாதே என்றுதான் சொன்னார்.
ஆனால் எதுவோ ஒன்று முதலில் விட்டிருக்க வேண்டும்,
மற்றதெல்லாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே.

மேசை இழுப்பறையில் இருக்கிறது.
திறந்தால் புளித்த பால் நாற்றம்.
பட்டாவுக்கு வருகிறவர்கள்
மூக்கைச் சுளித்துக்கொண்டே
எல்லைக்கல்லைப் பற்றிப் பேசுகிறார்கள்.